கேரக்டர் எங்கேர்ந்து வருது? இலஞ்சி மொட்டை மாடியில் ஆடிய விளையாட்டுகள்

வழக்கம்போல இது எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த "ஆக்சுவலா", "அதாவது" எல்லாத்தையும் வெட்டிட்டு, கொஞ்சம் ஒழுங்கு பண்ணியிருக்கேன். பின்னணியில மழை எஃபெக்ட் நல்லாருக்குன்னு சிலபேர் எழுதியிருந்தீங்க. அது எஃபெக்ட் இல்லங்க. ஜூலை மாசம் இலஞ்சியில மைக் வச்சா சாரலும் சேர்ந்துதான் பதிவாகும்.

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் மெசேஜ். பெங்களூர்ல வேலை பார்க்குற நேயர் ஒருத்தர் குறும்படம் எழுதிட்டிருக்காங்க. அவங்க கேட்டது இதுதான்: "என் கதையில அம்மா, வாட்ச்மேன், ஹீரோயின் மூணு பேரும் ஒரே ஆள் மாதிரி பேசுறாங்க. கேரக்டர் ஷீட் போட்டுப் பார்த்துட்டேன். பிடிச்ச கலர், படிச்ச ஸ்கூல், சின்ன வயசுல பட்ட அடி வரைக்கும் எழுதிட்டேன். ஆனா அவங்க வாயைத் திறந்தா நான்தான் பேசுறேன். என்ன பண்ண?"

எனக்குத் தெரிஞ்ச பதில் ஒண்ணுதான். அந்த ஷீட்டைக் கொஞ்சநாள் மூடி வைங்க. நம்ம வேலையில ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்னு ஒண்ணு இருக்கும். நாப்பது பக்கம், அழகான பார்மேட், எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்பாங்க. ஆனா அதை ரன் பண்ண முடியாது. கேரக்டர் ஷீட்டும் அதே ஜாதி. ஒரு ஆளுக்குப் பிடிச்ச கலர் நீலம்னு தெரிஞ்சா, பஸ்ல பக்கத்து சீட்காரர் தோள்ல தூங்கி விழும்போது அந்த ஆள் என்ன செய்வார்னு தெரிஞ்சிடுமா? தள்ளி விடுவாரா, அசையாம உட்காருவாரா, எழுப்பி "எந்த ஸ்டாப்பு?"ன்னு கேட்பாரா? அங்கதான் கேரக்டர் இருக்கு. அதைப் பார்க்க இன்னொரு ஆள் வேணும். தனியா உட்கார்ந்து யோசிச்சா வராது.

அந்த இன்னொரு ஆளைக் கொண்டு வந்து நிறுத்துறதுக்குன்னே சில விளையாட்டுகள் இருக்கு. இம்ப்ரோவ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. எழுதி வைக்காம, ஒத்திகை பார்க்காம, அந்த நிமிஷத்துல மேடையில உருவாகுற நாடகம். சென்னையில, பெங்களூர்ல டிக்கெட் வாங்கிப் போனா பெரும்பாலும் காமெடி ஷோவாத்தான் இருக்கும். சிரிக்க வைக்கிறது அதோட ஒரு பயன், அவ்வளவுதான். இந்த விளையாட்டுகள் பிறந்த காரணம் வேற.

வயோலா ஸ்போலின்னு ஒரு அம்மா. 1906-ல சிகாகோவுல பிறந்தவங்க. 1920-கள்ல ஹல் ஹவுஸ் என்ற சமூக நல மையத்துல நீவா பாய்ட் என்பவர்கிட்ட விளையாட்டு மூலமா பிள்ளைகளோட வேலை செய்யக் கத்துக்கிட்டாங்க. 1930-களோட கடைசியில, அமெரிக்க அரசு வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சமாளிக்க நடத்திய திட்டம் ஒண்ணுல, நாடகப் பிரிவு மேற்பார்வையாளர் வேலை கிடைச்சுது. வந்த பிள்ளைங்க பல பேர் குடியேறிகளோட வீட்டுப் பிள்ளைங்க. ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு மொழி. "சோகமா நடி", "கோபமா நடி"ன்னு வகுப்பு எடுத்தா அங்க வேலைக்கு ஆகாது. அதனால நடிப்புல வர்ற ஒவ்வொரு சிக்கலையும் ஒரு விளையாட்டா மாத்தினாங்க. விளையாட்டுக்கு ஒரு விதி, கவனம் வைக்க ஒரு இடம். பிள்ளை அதைக் கவனிச்சு விளையாடுது, நடிப்பு தானா வந்துடுது. 1963-ல அந்த விளையாட்டுகளைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகமா போட்டாங்க. அவங்க மகன் பால் சில்ஸ் 1959-ல சிகாகோவுல செகண்ட் சிட்டி என்ற குழுவைத் தொடங்கின மூணு பேர்ல ஒருத்தர். இன்னிக்கு உலகம் முழுக்க இருக்குற இம்ப்ரோவ் மேடைகள்ல பலதுக்கு அதுதான் தாய்வீடு.

சரி, இலஞ்சிக்கு வருவோம். தெரியாதவங்களுக்கு: தென்காசி, குற்றாலம், செங்கோட்டை மூணுக்கும் நடுவுல இருக்குற ஊர். வயல், தென்னை, தலைக்கு மேல மலை. என் கம்பெனி வீட்டுலேர்ந்து வேலை பார்க்க விடுறதால சீசன் மாசங்கள்ல நான் இங்கதான். இந்த வருஷம் எங்க மொட்டை மாடி தகரக் கொட்டகைக்குக் கீழ, நாலு சனிக்கிழமை, எட்டு பேர் சேர்ந்து இந்த விளையாட்டுகளை ஆடினோம். என்னை மாதிரி ஐடி ஆளுங்க ரெண்டு பேர், ஒரு கல்லூரி மாணவி, தையல் கடை வச்சிருக்குற ஒரு அக்கா, ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருத்தர், ஒரு ஆட்டோ அண்ணன், அப்புறம் அண்ணன் தம்பி ரெண்டு பேர். யாரும் மேடை ஏறினதில்ல. வாத்தியார் மட்டும் ஆண்டு விழாவுல கட்டபொம்மன் போட்டதா சொல்லிக்கிட்டார்.

முதல்ல ஆடினது ஸ்போலின் புத்தகத்துல வர்ற வயசு விளையாட்டு. ரெண்டு நாற்காலி போட்டு "இது பஸ் ஸ்டாப்பு"ன்னு சொல்லிடணும். ஒருத்தர் மனசுக்குள்ள ஒரு வயசு நினைச்சுக்கிட்டு வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கணும். வசனம் வேண்டாம். பார்க்குறவங்க வயசைச் சொல்லணும்.

முதல் சுத்துல என்ன நடக்கும்னு நீங்களே சொல்லிடுவீங்க. எல்லாரும் கூன் போட்டாங்க. எல்லாருக்கும் இருமல். இல்லாத கைத்தடியை ஊன்றி எட்டு பேரும் எண்பது வயசுக்காரங்களா மாறிட்டாங்க. தமிழ் சினிமாவுல எழுபதுகள்ல வந்த தாத்தா எப்படி நடப்பாரோ அப்படி. அந்த சுத்துல நாங்க பார்த்தது வயசை இல்ல, வயசு பத்தி ஏற்கெனவே நாங்க வச்சிருந்த ஸ்டிக்கரை.

இதுக்கு ஸ்போலின் ஒரு ரெண்டாம் சுத்து வச்சிருக்காங்க. எதையும் காட்டாதே. சும்மா உட்காரு. அந்த எண்ணை மட்டும் மனசுல திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இரு. அறுபத்தேழு, அறுபத்தேழு, அறுபத்தேழு. பஸ் வருது, நிக்குது, போகுது. அவ்வளவுதான்.

தையல் அக்கா உட்கார்ந்தாங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்கல. அப்புறம் ஒரு பஸ் வர்ற மாதிரி நான் ஹாரன் சத்தம் கொடுத்தேன். அக்கா பஸ்ஸைப் பார்க்கல. பக்கத்து நாற்காலியில இருந்த மாணவியோட மூஞ்சியைப் பார்த்தாங்க. அடுத்த பஸ்ஸுக்கும் அதே மாதிரி. மூணாவது பஸ்ஸுக்கு அந்தப் பொண்ணு தன்னை அறியாம "இது பாவூர்சத்திரம் போறது பாட்டி"ன்னு சொல்லிட்டா. விதிப்படி பேசக்கூடாது. ஆனா யாரும் தடுக்கல.

முடிஞ்சதும் கேட்டோம். அக்கா சொன்னது: "எங்க அத்தைக்கு போர்டு படிக்கத் தெரியாது. தெரியலன்னு வெளிய சொல்லவும் மாட்டாவ. பஸ் வந்தா பக்கத்துல நிக்கிறவ மூஞ்சியப் பாப்பாவ. அவ எந்திரிச்சா இவியளும் எந்திரிப்பாவ. நான் அத்தைய நெனைக்கவே இல்லடே. நம்பரைத்தான் சொல்லிட்டிருந்தேன். அதுவா வந்துட்டு."

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. எழுதப் படிக்கத் தெரியாது, அதை மறைக்கிற மானம் இருக்கு, அதுக்காக ஒரு உத்தி கண்டுபிடிச்சிருக்காங்க, அந்த உத்திக்கு அடுத்த ஆளோட முகம் வேணும். ஒரு ஆளோட முழு வாழ்க்கையும் ஒரு பார்வை திரும்புற திசையில இருக்கு. கேரக்டர் ஷீட்ல "கல்வி: இல்லை"ன்னு ஒரு வரி எழுதியிருந்தா நமக்கு இது கிடைச்சிருக்குமா? இதை அந்த அக்கா உட்கார்ந்து "யோசிச்சிருந்தா" கூட வந்திருக்காது. எண்ணு மேல கவனம் இருந்ததால, யோசிக்கிற மூளைக்கு வேலை கொடுத்து ஓரமா உட்கார வச்சாச்சு. உடம்பு தனக்குத் தெரிஞ்சதை வெளிய விட்டுச்சு.

இதெல்லாம் வெள்ளைக்காரங்க கண்டுபிடிப்புன்னு நினைச்சுடாதீங்க. மதுரை, புதுக்கோட்டை பக்கம் ஸ்பெஷல் நாடகம்னு ஒண்ணு இருக்கு. திருவிழாவுல ராத்திரி பத்து மணிக்கு மேல தொடங்கி விடியற வரைக்கும் நடக்கும். ஏன் ஸ்பெஷல்னா, அங்க நிரந்தரக் குழுவே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் வேற ஊர். ஒவ்வொருத்தரையும் தனித்தனியா, "ஸ்பெஷலா" பேசி முன்பணம் கொடுத்துக் கூப்பிடுவாங்க. நோட்டீஸ்ல ஒவ்வொருத்தர் போட்டோவும் பேரும் தனித்தனியா இருக்கும். ஒத்திகை கிடையாது. அன்னிக்கு ராத்திரி மேடைக்குப் பின்னாடிதான் சந்திச்சுப்பாங்க. சிலசமயம் மேடை மேலயேதான்.

அப்போ எதை நம்பி ஆடுறாங்க? கதை எல்லாருக்கும் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள், 1867-லேர்ந்து 1922 வரைக்கும் வாழ்ந்தவர், நம்ம தூத்துக்குடி பக்கத்துக்காரர், எழுதின நாடகங்கள் பலருக்கு மனப்பாடம். அதுல அதிகமா ஆடப்படுறது வள்ளி திருமணம். பாட்டு தெரியும், காட்சி வரிசை தெரியும். நடுவுல வர்ற பேச்சு? அதை அந்த ராத்திரியே உண்டாக்கணும். நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ற இடம் வந்தா, எதிர்ல இருக்குறவர் என்ன கேட்பார்னு வள்ளிக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் கூடப் போகலாம். அந்த அம்மா மேடையில வள்ளியா இருந்துக்கிட்டே பதில் சொல்லணும். யோசிக்கிற நேரத்துல வள்ளி காணாமப் போயிட்டா சனம் எழுந்து டீ குடிக்கப் போயிடும்.

அந்த வள்ளி கதையிலேயே ஒரு நடிகன் இருக்கான், கவனிச்சிருக்கீங்களா? முருகன் வேடனா வர்றான், அது பலிக்கல. அப்புறம் கிழவனா வர்றான். எங்க ஊர் கோயில் இலஞ்சிக் குமாரர் கோயில். அருணகிரிநாதர் பாடின தலம். சின்ன வயசுலேர்ந்து வள்ளி தெய்வானையோட நிக்கிற குமாரரைப் பார்த்து வளர்ந்திருக்கேன். இந்த வயசு விளையாட்டை ஆடுற வரைக்கும் எனக்கு இது தோணினதே இல்ல. ராஜபார்ட் நடிகருக்கு இது எவ்வளவு சிக்கலான வேலைன்னு பாருங்க. அவர் இளைஞனா இருக்குற கடவுள். அந்தக் கடவுள் கிழவனா நடிக்கிறார். நடிக்கிறார்னு சபைக்குத் தெரியணும், வள்ளிக்குத் தெரியக்கூடாது. வெறும் கூன் போட்டா பத்தாது.

அடுத்து, இம்ப்ரோவ் வகுப்புக்குப் போனவங்க எல்லாரும் சொல்ற அந்த முதல் விதி. எதிராளி ஒண்ணு சொன்னா மறுக்காதே, ஏத்துக்கோ, ஏத்துக்கிட்டு நீயும் ஒண்ணு சேர்த்துக் கொடு. இதை இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தையில சொல்லி டீ-ஷர்ட்ல எல்லாம் அடிச்சுட்டாங்க. எங்க பக்கத்துல இதுக்கு ஒரு வேலையே இருக்கு. வில்லுப்பாட்டு கேட்டிருக்கீங்களா? கோயில் கொடையில, சுடலைமாடன் கதையோ இசக்கியம்மன் கதையோ பாடும்போது, வில்லை வீசுகோலால அடிச்சுக்கிட்டு அண்ணாவி கதை சொல்வார். குடம், உடுக்கைன்னு கூட இருக்குறவங்கள்ல ஒருத்தர் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போடுவார். "அப்ப அவ காட்டுக்குள்ள போறா." "ஆமா, போறா." "தன்னந்தனியா போறா." "ஆமா, தொணைக்கு ஆள் இல்ல." அந்த ரெண்டாவது ஆமாவைப் பாருங்க. ஏத்துக்கிட்டார், கூடவே ஒண்ணு சேர்த்தார். கதை ஒரு அடி நகர்ந்துடுச்சு. நாங்க மாடியில இதை "ஆமா விளையாட்டு"ன்னே கூப்பிட்டோம். வாத்தியாருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

இது கேரக்டருக்கு எப்படி உதவுது? ஒரு உதாரணம். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரு சீன் ஆரம்பிச்சாங்க. அண்ணன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். தம்பி வந்து, "அண்ணாச்சி, மறுபடியும் கடைய நேரத்தோட பூட்டிட்டீகளே"ன்னான். அண்ணனுக்கு அதுவரைக்கும் தான் கடைக்காரன்னே தெரியாது. "நான் கடைக்காரன் இல்ல"ன்னு சொல்லியிருந்தா சீன் அங்கயே செத்திருக்கும். அவன், "ஆமாடே. எட்டு மணிக்கு மேல எவன் வாரான், எல்லாம் கடன் கேக்குறவன்தான்"னான். முடிஞ்சது. "மறுபடியும்"கிற ஒரு வார்த்தையில அவனுக்குப் பழக்கம் கிடைச்சுது. பதில்ல ஊர்க்காரங்க மேல ஒரு பயம் கிடைச்சுது. ரெண்டு வரியில ஒரு மனுஷன். இதுல பாதியைக் கொடுத்தது எதிர்ல நின்னவன். கதாபாத்திரத்தை நாம உருவாக்குறதா நினைச்சுக்கிட்டிருக்கோம். பல சமயம் எதிராளிதான் நமக்கு அதை எடுத்துக் கொடுக்குறார். நம்ம வேலை அதைக் கையில வாங்குறது.

இப்ப மூணாவது சனிக்கிழமைக்கு வர்றேன். இந்த எபிசோட்ல எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

கீத் ஜான்ஸ்டன்னு ஒரு இங்கிலாந்துக்காரர். லண்டன் ராயல் கோர்ட் தியேட்டர்ல வேலை பார்த்தவர், பின்னாடி கனடாவுல கால்கரிக்குப் போய் அங்க லூஸ் மூஸ் என்ற குழுவைத் தொடங்கினவர். 1979-ல வந்த அவரோட 'இம்ப்ரோ' புத்தகத்துல அந்தஸ்து பத்தி ஒரு பெரிய பகுதி இருக்கு. மேடையில ரெண்டு பேர் பேசினா ஏன் இயல்பா இல்லன்னு அவர் மண்டையைப் போட்டு உடைச்சிக்கிட்டிருந்தார். ஒருநாள் நடிகர்கள்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொன்னார்: எதிராளியைவிட உன் அந்தஸ்தைக் கொஞ்சமே கொஞ்சம் மேலயோ கீழயோ வச்சுக்கோ. உடனே எல்லாம் மாறிடுச்சுன்னு எழுதுறார். தன்னோட பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் மூணு பேரையும் சொல்றார். ஒருத்தர் நல்லவர், ஆனா வகுப்பு அடங்காது. எப்பவும் துறுதுறுன்னு அசைஞ்சுக்கிட்டே இருப்பார். இன்னொருத்தர் யாரையும் தண்டிக்கவே மாட்டார், ஆனா எல்லாரும் நடுங்குவாங்க. மூணாமவர் சிரிப்பார், விளையாடுவார், திடீர்னு வகுப்பை அப்படியே அடக்கவும் செய்வார். அந்தஸ்துங்கிறது ஒருத்தர்கிட்ட இருக்குற பொருள் மட்டுமில்ல, நிமிஷத்துக்கு நிமிஷம் நாம செய்ற காரியமும்தான்னு ஜான்ஸ்டன் சொல்றார். பேசும்போது தலையை அசைக்காம வச்சுப் பாருங்க, நீங்களே பெரியாளா மாறின மாதிரி இருக்கும். பேச்சுக்கு முன்னாடி அவசரமா ஒரு குட்டி "ம்" போட்டா, நடுவுல யார் வேணா குறுக்கிடலாம். அதே "ம்"மை நீட்டிப் போட்டா, அறையே காத்திருக்கும். ஆபீஸ் மீட்டிங்ல ஒருநாள் இதை மட்டும் கவனிங்க, பொழுது போகும்.

மாடியில நாங்க வச்ச சீன்: ஒருத்தர் தோட்டத்துக்காரர், நாற்காலியில இருக்கார். இன்னொருத்தர் ஏதோ கேட்க வர்றார். யார் என்னவா இருக்கணும்னு சீட்டுக் குலுக்கிப் போட்டோம். நாற்காலி என் ஐடி நண்பனுக்கு வந்துச்சு. கேட்க வர்ற ஆள் ஆட்டோ அண்ணன்.

அண்ணன் மாடிப்படியிலேர்ந்து வந்தார். வரும்போதே தோள்ல இருந்த துண்டு கைக்கு வந்துடுச்சு, அப்புறம் கக்கத்துக்குப் போயிடுச்சு. நேரா எதிர்ல வந்து நிக்கல. கொஞ்சம் ஓரமா, உடம்பைப் பாதி திருப்பி நின்னார். கேள்வி முடியறதுக்கு முன்னாடியே "ஆமாங்கய்யா" வந்துச்சு. நண்பன் சுமாரா ஒரு ஜோக் அடிச்சான். அதுக்கு அவர்தான் முதல்ல சிரிச்சார். நாங்க முதல் பத்து செகண்ட் சிரிச்சோம், அவ்வளவு கச்சிதமா இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா சிரிப்பை நிறுத்திட்டோம்.

முடிஞ்சதும் மாணவி, "எப்படிண்ணே இவ்வளவு நுணுக்கமா?"ன்னு கேட்டா.

"இதுல நடிக்க என்னம்மா இருக்கு? எங்கய்யா எங்க ஊரு டீக்கடை பெஞ்சில ஒருநாளும் உக்காந்தது கெடையாது. சின்னப் புள்ளையில நான் பார்த்துட்டு நின்னதுதான்."

யாரும் எதுவும் பேசல. தகரத்து மேல சாரல் விழுற சத்தம் மட்டும். அப்புறம் அண்ணனே, "சரி தம்பி, இப்ப அந்த நாற்காலிய எனக்குக் குடுங்க"ன்னார்.

உட்கார்ந்தார். இப்ப என் நண்பன் கேட்க வர்றவன். அண்ணன் அதட்டுவார்னு நான் எதிர்பார்த்தேன். அதட்டல. இல்லாத பேப்பரைப் படிச்சுக்கிட்டே இருந்தார். நண்பன் வணக்கம் சொன்னான். பக்கத்தைத் திருப்பினார். நண்பன் மறுபடி தொண்டையைச் செருமினான். அண்ணன் நிமிர்ந்து, ரொம்ப மெதுவா, கிட்டத்தட்ட பாசமா கேட்டார்:

"நீ யாரு மவன்?"

கிராமத்துப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இந்தக் கேள்வி என்னன்னு தெரியும். சிட்டியில வளர்ந்தவங்களுக்குச் சொல்றேன். அது அப்பா பேரைத் தெரிஞ்சுக்கிற கேள்வி இல்ல. உன்னை எங்க நிறுத்தணும், உட்காரச் சொல்லலாமா, எந்த டம்ளர்ல டீ கொடுக்கணும், எல்லாத்தையும் முடிவு பண்ற கேள்வி. சாதிப் பேரு ஒண்ணுகூட வெளிய வரல. மூணு வார்த்தை. அந்தத் தோட்டத்துக்காரர் வில்லனாவும் இல்ல. தான் ஏதாவது தப்பாக் கேட்டதா அவருக்குத் தோணவே தோணாது. அதுதான் பயமா இருந்துச்சு. இந்தக் கேரக்டரை என்னால எழுதியிருக்க முடியாது. நான் எழுதியிருந்தா மீசையை முறுக்க வச்சிருப்பேன்.

ஜான்ஸ்டன் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அவர் அந்தஸ்தை ஒரு சீசா மாதிரி பார்க்குறார். ஒருத்தர் மேல போனா இன்னொருத்தர் கீழ வர்றார், அடுத்த நிமிஷம் மாறலாம். பட்லரும் முதலாளியும் இடம் மாறுனா சிரிப்பு வரும். நம்ம ஊர்ல அந்த சீசாவோட ஒரு பக்கத்தை போல்ட் போட்டு முறுக்கி வச்சிருக்கு. இங்க அந்த விளையாட்டை ஆடினா சிலருக்கு அது விளையாட்டு, சிலருக்கு ஞாபகம். அதனால அடுத்த வாரம் ஆடறதுக்கு முன்னாடி எட்டு பேரும் உட்கார்ந்து சில விஷயம் பேசிக்கிட்டோம். சீட்டுக் குலுக்குறது கிடையாது. தாழ்ந்த நிலை, உயர்ந்த நிலை எதுவா இருந்தாலும் அவங்கவங்களே எடுத்துக்கணும். யார் வேணாலும் எந்த நிமிஷமும் "போதும்"னு சொல்லலாம், காரணம் கேட்கக்கூடாது. நிஜ ஆட்களோட பேர் வேண்டாம். நீங்க நண்பர்களோட ஆடப்போறீங்கன்னா, முதல் நாளே இதைப் பேசிடுங்கன்னுதான் சொல்வேன். பிரச்சினை வந்தப்புறம் பேச நேரம் இருக்காது.

இங்கேர்ந்து மிமிக்ரி பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா நேயரோட வாட்ச்மேன் கேரக்டர் எனக்கு மனசுல இருக்கு. டிவியில வாட்ச்மேன்னா தூங்குவார், சல்யூட் அடிப்பார், நேபாளித் தமிழ் பேசுவார். ஆம்பளை புடவை கட்டினா போதும், மாமியார் ரெடி. பார்க்குறவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச இடத்துல மிமிக்ரி நின்னுடும், அதனாலதான் சட்டுனு கைதட்டல் வருது. அக்காவோட அத்தையை எங்க யாருக்கும் தெரியாது. ஆனாலும் பாவூர்சத்திரம் பஸ்ஸுன்னு ஒரு பொண்ணு எழுந்து சொல்ற அளவுக்குத் தெரிஞ்சுபோச்சு.

கூத்துப்பட்டறை பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. ந. முத்துசாமி 1977-ல சென்னையில தொடங்கினது. புரிசை தெருக்கூத்தோட உடல்மொழி, சிலம்பம், யோகா, இந்த மாதிரி விளையாட்டுப் பயிற்சிகள் எல்லாம் கலந்த இடம். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் அங்க பழகினவங்க. விஜய் சேதுபதி அங்க சேர்ந்தது கணக்கு எழுதுற வேலைக்கு. கணக்கு எழுதிக்கிட்டே நடிகர்களைக் கவனிச்சதுதான் தனக்குப் பள்ளிக்கூடம்னு அவர் பல பேட்டிகள்ல சொல்லியிருக்கார். எனக்கு அதுல பிடிச்சது அந்தக் கவனிக்கிற நேரம்தான். ஐடி ஆளுங்களுக்கு டெக்னிக் வேணும், ஷார்ட்கட் வேணும். இதுல ஷார்ட்கட் இருக்குற மாதிரி எனக்குத் தெரியல. பஸ்ல காதுல ஹெட்போன் இல்லாம உட்காருறது தவிர. (ஆமா, பாட்காஸ்ட் நடத்துறவன்தான் இதைச் சொல்றேன்.)

மத்த விளையாட்டுகளை வேகமா சொல்லிடறேன். உளறல் மொழி: அர்த்தமே இல்லாத சத்தத்துல ஒரு முழு சண்டை போடணும். ஸ்போலினோடதுதான். வசனத்து மேல சாஞ்சு நிக்கிற எழுத்தாளர்களுக்கு நல்ல மருந்து, ஏன்னா வசனம் போயிட்டா உங்க கேரக்டருக்கு என்ன வேணும்கிறது மட்டும்தான் மிஞ்சும். நடை விளையாட்டு: மூக்கு முதல்ல போற மாதிரி, நெஞ்சு முதல்ல போற மாதிரி, வயிறு முதல்ல போற மாதிரி நடந்துட்டு, அந்த நடையிலயே ஒருத்தர்கிட்ட வழி கேளுங்க, குரல் தானா மாறும். கேள்வி நாற்காலி: கேரக்டரா ஒருத்தர் உட்காருவார், மத்தவங்க சடசடன்னு கேள்வி கேட்பாங்க, மூணு செகண்டுக்குள்ள பதில். இதை மட்டும் கடைசியில வைங்க. முதல்லயே வச்சா மறுபடியும் பயோடேட்டாதான் வரும்.

இப்ப பெங்களூர் நேயருக்கு. உங்களுக்கு மொட்டை மாடியும் எட்டு பேரும் வேண்டாம். ஒரு ஃப்ரெண்டு, ஒரு போன் போதும். நீங்க வாட்ச்மேன். ஃப்ரெண்டு அந்த அபார்ட்மென்ட்ல குடியிருக்குறவர், ராத்திரி பதினொண்ணரைக்கு சாவியைத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறார். கதை எதுவும் முன்கூட்டிப் பேசிக்காதீங்க. அவர் சொல்ற எதையும் மறுக்காதீங்க. "அன்னிக்கு மாதிரியே பண்ணிடாதீங்கண்ணா"ன்னா, அன்னிக்கு ஏதோ நடந்திருக்கு, அவ்வளவுதான். உங்க அந்தஸ்து அவரைவிடக் கொஞ்சம் மேல. ஆமா, மேல. சாவி இல்லாம நிக்கிறது அவர், கேட்டுக்கு உள்ள இருக்குறது நீங்க. மூணு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க. உடனே எழுதாதீங்க, மறுநாள் கேளுங்க. கேட்கும்போது புத்திசாலித்தனமான வரிகளை விட்டுடுங்க. எந்த இடத்துல நீங்க பதில் சொல்லாம இருந்தீங்க, எந்த இடத்துல அவசரப்பட்டு "ம்" போட்டீங்கன்னு மட்டும் குறிச்சுக்கோங்க. அப்புறம் இடம் மாத்தி, நீங்க குடியிருக்குறவரா ஒரு தடவை.

அந்த ஆடியோவை அனுப்பினீங்கன்னா, உங்களுக்கு சம்மதம்னா, அடுத்த எபிசோட்ல சேர்ந்து கேட்போம். எங்க மாடியில சீசன் முடிஞ்சும் ஆட்டம் தொடருது. வாத்தியார் வில்லுக்கு ஆள் பார்த்துட்டார், தையல் அக்கா குடம் அடிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. ஆமா போடுற வேலை இன்னும் காலியா இருக்கு.